கட்டியா, காசா, கம்மலா? சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சிறு சேமிப்பாளரின் முதல் தங்கம்

கேள்வி

2025 ஏப்ரல் 22 அன்று இந்தியச் சந்தையில் 10 கிராம் சுத்தத் தங்கம் 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. ஆறு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், சென்னையில் வெள்ளி கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. அந்த நாட்களில் திருப்பதி காந்தி ரோட்டில் நகைக்கடைப் படியேறியவர்களில் ஒரு பகுதியினர் கல்யாணத்துக்காக வரவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பத்தாயிரத்தையோ, பால் பணத்தையோ, முடிந்த சீட்டுப் பணத்தையோ கையில் வைத்துக்கொண்டு “காசா வாங்கலாமா, கட்டியா வாங்கலாமா” என்று கேட்டு வந்தவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். முதன்முறையாகச் சிறு தொகை போட்டுத் தங்கமோ வெள்ளியோ கையில் வாங்குபவருக்கு அந்த உலோகம் எந்த அளவுக்கு முதலீடு? விலை ஏறுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு. வாங்கிய விலைக்கும் திரும்பக் கைக்கு வரும் விலைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

மூன்று பார்வைகள்

இந்தியக் குடும்பத் தங்கத்தைப் பற்றி எழுதியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பொருளியலாளர்களுக்கு அது பெரும்பாலும் முடங்கிப்போன சேமிப்பு. குடும்பங்களின் நிதிநிலையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த தருண் ராமதுரை குழு 2017இல் அறிக்கை கொடுத்தது. சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம் முதலான பௌதிகச் சொத்து, 11 சதவீதம் தங்கம், எஞ்சிய 5 சதவீதமே வங்கி, பங்கு, காப்பீடு போன்ற நிதிச் சொத்து என்றது அது. அறிக்கையின் தொனியில், தங்கம் குறைய வேண்டிய ஒன்று.

இரண்டாவது பார்வை விற்பவர்களுடையது. சுவரில் ஒரு விலைக்கோடு, இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது, சமூகவியலாளர்கள் சொல்வது: நகை என்பது பெண்ணின் கையில் இருக்கும் ஒரே சொத்து. நிலப்பட்டாவில் பெயர் இல்லாதவளுக்குக் கழுத்தில் இருப்பதாவது மிஞ்சும்.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விற்கப் போகும் நாளில் கடைக்காரர் தராசில் வைத்து என்ன கொடுப்பார் என்பதை மூன்றுமே கேட்பதில்லை. விலைக்கோடு என்பது உலோகத்தின் விலை. சிறு சேமிப்பாளர் வாங்குவதோ உலோகமும் அதன்மேல் ஏறிய கூலியும் வரியும். விற்கும்போது அவருக்குத் திரும்புவது உலோகம் மட்டும்.

நகை சேமிப்பானது எப்படி

“படிக்காத ஜனங்கள், கட்டியாக வாங்காமல் நகையாக வாங்கிச் சேதாரத்தில் பணத்தைக் கரைக்கிறார்கள்” என்று சேமிப்பு ஆலோசகர்கள் அடிக்கடி சலித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் அப்போது நிதியமைச்சர். 14 கேரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர்கள் பட்டறையை மூடினார்கள், பலர் தெருவுக்கு வந்தார்கள். 14 கேரட் விதி 1966இல் விலகியது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. அதன்படி தங்கக் கட்டியைத் தனிநபர் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நகை வைத்திருக்கலாம். சட்டம் நீங்கியது 1990இல்தான்.

ஆக, 1963இலிருந்து 1990 வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறை முழுதும், சாதாரணக் குடும்பத்துக்குச் சட்டப்படி தங்கம் சேர்க்க இருந்த நேரான வழி நகை. இன்று காசும் கட்டியும் வாங்கச் சொல்லும் ஆலோசனைக்கு வயது சுமார் 35 ஆண்டுதான். பாட்டி செயினாக வாங்கினாள் என்றால் அதில் அறியாமையைவிடச் சட்டத்துக்குப் பங்கு அதிகம். பழக்கம் சட்டத்தைவிட நீண்ட நாள் வாழ்கிறது, அவ்வளவுதான்.

இந்த மண்ணிலேயே தங்கம் எடுத்தார்கள் என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. கோலார் தங்கவயலின் தொடர்ச்சியாகக் குப்பம் பக்கம் சிகர்குண்டா, பிசாநத்தம் சுரங்கங்கள் இயங்கின. அவற்றை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதோடு அவையும் நின்றன. சுரங்கத்துக்கு அருகில் வசிப்பதால் யாருக்கும் கிராமுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தங்கத்தின் ரூபாய் விலையை லண்டனும் நியூயார்க்கும் டாலர் மதிப்பும் இறக்குமதித் தீர்வையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியபோது, முந்தின வாரம் வாங்கியவர்கள் உலகச் சந்தையில் ஒன்றுமே நடக்காமல் நஷ்டப்பட்டார்கள்.

ஒரு பில்லின் உடற்கூறு

சித்தூர்க் கடை பில்லில் தெலுங்கில் ‘தருகு’, ‘மஜூரி’ என்று இருக்கும். தமிழ் பேசும் வீடுகளில் அதையே சேதாரம், செய்கூலி என்பார்கள். பெரிய கடைகள் இரண்டையும் ஒன்றாக்கி ‘வி.ஏ.’ (மதிப்புக் கூட்டல்) என்று ஒரு சதவீதம் போடுகின்றன. பெயர் எதுவானாலும் விற்கும் நாளில் திரும்பி வராத பணம் அது.

கணக்குக்கு வசதியாக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இன்றைய விலை அல்ல, வட்டமான எண்). ஒரு சவரன் காசு, 8 கிராம். உலோகம் 80,000. அடித்த கூலி 2 சதவீதம் என்றால் 1,600. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,448. கையிலிருந்து போவது 84,048. அடுத்த நாளே திருப்பி விற்றால், கடைக்காரர் 2 சதவீதம் கழித்து எடுத்துக்கொண்டால், வருவது 78,400. அதாவது தங்கம் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால்தான் போட்ட பணம் வரும்.

அதே எடையில் 14 சதவீதச் சேதாரம் உள்ள செயின். 91,200, வரியோடு 93,936. விற்றால் அதே 78,400. இப்போது தங்கம் ஏறக்குறைய 20 சதவீதம் ஏற வேண்டும். கல் வைத்த கம்மல் என்றால் இன்னும் மோசம். கல் எடையைக் கழித்து நிகர எடைக்குத்தான் விற்பனை மதிப்பு, கல்லுக்குக் கொடுத்தது கல்லோடு போச்சு.

1 கிராம், 2 கிராம் காசுகளில் இன்னொரு சிக்கல். அடிப்பு, உறை, சான்றட்டை இவற்றுக்கான செலவு காசு சிறியதானாலும் அதே விகிதத்தில் குறைவதில்லை. எட்டு மாதங்களுக்கு மாதம் 1 கிராம் வாங்குபவர், காத்திருந்து 8 கிராம் ஒரே காசாக வாங்குபவரைவிடக் கூலி அதிகம் கொடுக்கிறார். கையில் பணம் தங்காது என்ற பயத்தில் மாதா மாதம் வாங்குவது வேறு விஷயம். அந்தப் பயம் நியாயமானதுதான், அதற்குக் கொடுக்கும் விலை இந்தக் கூலி.

பலருக்குத் தெரியாமல் தடுக்கி விழும் இடம் வங்கி. வங்கிகள் தங்கக் காசு விற்கின்றன, ஆனால் திரும்ப வாங்க அவற்றுக்கு அனுமதி இல்லை. கண்ணாடி உறையில் பளபளக்கும் அந்த 24 கேரட் காசை வைத்திருப்பவர் கடைசியில் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அதை 24 கேரட்டாகவே எடைபோடுவார்களா, 22 கேரட் விலையில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்பார்களா என்பதை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

முத்திரை யாரைக் காக்கிறது

2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது, பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. முக்கோண முத்திரை, 22 கேரட் 916 என்ற தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம், இந்த மூன்றும் நகையிலேயே பொறித்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி கேட்டால் கடையில் கொடுப்பார்கள். எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் எந்தக் கடை பதிந்தது, எந்த மையம் சோதித்தது, என்ன பொருள், என்ன தூய்மை என்று வரும். தட்டிய எண்ணுக்கு ‘வளையல்’ என்று வந்து கையில் இருப்பது மோதிரமானால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

முத்திரை சொன்ன தூய்மை இல்லையென்றால், குறைந்த தூய்மைக்கான மதிப்பில் இரண்டு மடங்கு இழப்பீடும் சோதனைக் கட்டணமும் தர 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. பொதுமக்களே சோதனை மையத்துக்கு நகையைக் கொண்டுபோகலாம், 4 உருப்படி வரை கட்டணம் 200 ரூபாய்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தைக் கம்மல், அரை கிராம் தாலிக்குண்டு என்று சிறுகச் சிறுக வாங்குபவர் யாரோ, அவரே இந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்கிறார். விதியை எழுதியவர்களுக்கு நிர்வாக வசதி ஒரு காரணமாக இருக்கலாம். விளைவு என்னவோ மிகச் சிறிய வாடிக்கையாளர் கடைக்காரரின் நாக்கை நம்ப வேண்டியிருக்கிறது.

வெள்ளி: ஏழையின் தங்கமா?

தங்கம் எட்டாக் கனியானதும் கண்கள் வெள்ளிப் பக்கம் திரும்பின. 2025 அக்டோபரில் லண்டனில் உடனடிக் கையிருப்பு இறுகியது, இந்தியாவில் கட்டி வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. சில மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் வெள்ளித் திட்டங்களில் மொத்தமாகப் பணம் போடுவதை நிறுத்திவைத்தன. கூட்டம் கடையை முற்றுகையிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் சென்னை விலை கிலோ 2 லட்சத்திலிருந்து 1.7 லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது.

வெள்ளி இப்படித்தான். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கி, மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே விழுந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 50ஐ நெருங்கிச் சில வாரங்களில் 35க்கு வந்தது. வெள்ளித் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுடையது, சூரியத் தகடு, மின்னணுப் பொருள் என்று. தொழில் சுணங்கினால் வெள்ளியும் சுணங்கும்.

இந்த வட்டாரம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்திலேயே வெள்ளி ஒரு முறை கைவிட்டிருக்கிறது. 1893 ஜூன் 26க்கு முன் யாரும் வெள்ளியை அரசு நாணயச்சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கலாம். உலகச் சந்தையில் 1870களிலிருந்தே வெள்ளி சரிந்துகொண்டிருந்தது, அரசு அன்று நாணயச்சாலையை வெள்ளிக்கு மூடியது. ரூபாயின் மதிப்பைக் காப்பாற்ற எடுத்த முடிவு. ஆனால் ரூபாய் வேறு, வெள்ளி வேறு என்றான அந்த நாளில், காப்பும் கொலுசுமாகச் சேமித்த குடியானவர்களின் இருப்பு ரூபாய்க் கணக்கில் இறங்கியது. தங்கத்துக்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தை விட்ட பின், பொருளாதார மந்தத்தில் நொந்த கிராமங்களிலிருந்து நகைகள் விற்பனைக்கு வந்து கப்பல் கப்பலாய் வெளியேறின. ஜி. பாலச்சந்திரன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தரப்பு அதை நல்ல விலைக்கு லாபத்தில் விற்றது என்கிறது, மறுதரப்பு வயிற்றுக்காக விற்றது என்கிறது. இரண்டுமே நடந்திருக்கும். நிலவரிக்கும் கடனுக்கும் பதில் சொல்லக் கையில் ஏதோ இருந்தது என்பதுதான் சிறு சேமிப்பாளர் கவனிக்க வேண்டிய இடம்.

நடைமுறைக்கு வருவோம். வெள்ளியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி தங்கத்தைவிட அகலம். கிராம் 150 ரூபாய் என்று வைத்தால் 100 கிராம் காசுக்கு உலோகம் 15,000. கூலி 6 சதவீதம், வரி 3 சதவீதம் சேர்த்து 16,377. கடை 8 சதவீதம் கழித்து எடுத்தால் 13,800. 18 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் அசல். சேலத்துக் கொலுசாக வாங்கினால் பற்றவைப்பும் கலப்பும் சேர்ந்து கழிவு இன்னும் கூடும். ஆறு இலக்க எண்ணுடன் கூடிய வெள்ளி ஹால்மார்க் 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கிறது, கட்டாயமில்லை. கேட்டால் கிடைக்கும். இடம், கறுத்தல், தூக்கிச் செல்லும் சிரமம் எல்லாம் தனி. 5 லட்சம் ரூபாய்த் தங்கம் சட்டைப் பையில் அடங்கும், அதே பணத்துக்கு வெள்ளி வாங்கினால் பை வேண்டும்.

மலைமேல் இருக்கும் தங்கம்

இந்த வட்டாரத்தில் மிகப் பெரிய தங்கச் சேமிப்பாளர் திருமலையில் இருக்கிறார். 2022 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வெளியிட்ட அறிக்கையின்படி வங்கிகளில் இருந்த தங்கம் 10,258 கிலோ, பண வைப்பு 15,938 கோடி ரூபாய்.

2019 ஏப்ரல் 17 அன்று, தேர்தல் நேரம், திருவள்ளூர் மாவட்டத்தில் பறக்கும் படை ஒரு வண்டியை மடக்கியது. உள்ளே 1,381 கிலோ தங்கம். விசாரித்தால் தேவஸ்தானத்துடையது. 2016 ஏப்ரலில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் வைத்த 1,311 கிலோ முதிர்ந்து சென்னையிலிருந்து திருப்பதி திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாண்டு வட்டி 70 கிலோ, தங்கமாகவே. ஆண்டுக்கு 1.75 சதவீதம்.

பாதுகாப்பாகக் கொண்டுவந்தார்களா என்ற சர்ச்சையில் அந்த 70 கிலோ கவனத்திலிருந்து நழுவிவிட்டது. தேவஸ்தானத்தின் தங்கம் குட்டி போடுகிறது. உண்டியலில் ஒரு கம்மலைப் போட்டுவிட்டு, மறு கையால் தேவஸ்தானம் விற்கும் ஸ்ரீவாரி தங்க டாலரை வாங்கிக்கொண்டு இறங்கும் பக்தரின் 2 கிராமோ 5 கிராமோ அப்படியே இருக்கிறது. அந்த டாலரைச் சுவாமி படத்துக்கு முன் வைத்துவிட்டால் யாரும் விற்கப் போவதில்லை, முதலீட்டுக் கணக்கிலும் அதைச் சேர்க்கக் கூடாது. விற்க மனம் வராத பொருளுக்குச் சந்தை விலை ஒரு தகவல் மட்டுமே.

சிறியவருக்கும் அந்த வட்டிக் கதவு திறந்ததாகத்தான் 2015 நவம்பரில் சொன்னார்கள். தங்க வைப்புத் திட்டத்தில் குறைந்த அளவு முதலில் 30 கிராம், 2021இல் 10 கிராம். நகையை உருக்கித்தான் எடுப்பார்கள் என்றதும் வீடுகள் ஒதுங்கிக்கொண்டன. அதே மாதம் வந்த தங்கப் பத்திரம் மேலானது: கூலி இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை, ஆண்டுக்கு முதலில் 2.75, பிறகு 2.5 சதவீத வட்டி. கிராம் 2,684 ரூபாய்க்கு வந்த முதல் தொடர் 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை போலும், 2024 பிப்ரவரிக்குப் பின் புதுப் பத்திரம் வரவில்லை. 2025 மார்ச் 26 அன்று நடுத்தர, நீண்டகாலத் தங்க வைப்பும் நின்றது. பௌதிகத் தங்கத்தை விட்டு வெளியே வா என்று பத்தாண்டு அழைத்த அரசே கதவைச் சாத்திய பின், ஜனங்கள் மறுபடி கடைக்குப் போனார்கள் என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

அடகுக் கடையில் தெரியும் மதிப்பு

2025 கோடையில் சித்தூர்ப் பக்கம் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தது. கூழ் ஆலைகள் வாங்கத் தயங்கின. கடைசியில் ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகக் கிலோ 12 ரூபாய் என்று ஏற்பாடானது. இப்படிப்பட்ட வருடத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட நகையை விற்பவர்களைவிட அடகு வைப்பவர்களே அதிகம். விற்றால் சேதாரம் போனது போனதுதான், அடகு வைத்தால் பொருள் திரும்பும். ஆகவே இந்த வட்டாரத்தின் சிறு சேமிப்பாளருக்கு உலோகத்தின் முதல் பயன் லாபம் அல்ல, ராத்திரி பத்து மணிக்கு யோசித்துக் காலை பத்து மணிக்குப் பணமாக்கும் வசதி. எதை வாங்குவது என்ற கேள்விக்கும் இந்த இடத்திலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் வழிகாட்டுதல்கள் 2026 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டியவை. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. வெள்ளி நகையையும் வெள்ளிக் காசையும் அடகாக ஏற்கலாம். ஒருவருக்குத் தங்க நகை 1 கிலோ, தங்கக் காசு 50 கிராம், வெள்ளி நகை 10 கிலோ, வெள்ளிக் காசு 500 கிராம் வரை. கட்டியின் மேல் கடன் கிடையாது.

சேதாரம் குறைவு என்று ஆலோசகர் சொல்லிக் கட்டி வாங்கியவருக்கு அவசரத்தில் விற்பது ஒன்றே வழி. அலங்காரமில்லாத, கல்லில்லாத, சேதாரம் குறைந்த 916 வளையலோ செயினோ வாங்கியவருக்கு வங்கி வாசல் திறந்திருக்கிறது. நடுவில் நிற்பது காசு, ஆனால் கிளையில் எந்தக் காசை ஏற்பார்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. பத்தாண்டுகள் தொடாமல் வைக்கக்கூடிய வருமானமுள்ளவருக்குக் கட்டியும் பெரிய காசும் சரி. அப்படிப்பட்டவருக்கும் 2012இல் 10 கிராம் சுமார் 31,000 கொடுத்து வாங்கியவர்கள் 2015இல் 26,000ஐப் பார்த்து, மறுபடி 31,000ஐ ஆண்டுச் சராசரியாகப் பார்க்க 2018 வரை காத்திருந்தது நினைவிருக்க வேண்டும். வருமானம் மழையையும் மாங்காயையும் நம்பியிருப்பவருக்கு அந்த ஆறு ஆண்டுகள் நடுவில் அடகுக் கடை வராமல் கழியாது.

மொத்தமாகப் பணம் இல்லாதவர் மாதத் தவணையில் சேரும் நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பதினொரு மாதத்தோடு முடிவதற்கும் சட்டம்தான் காரணம். பொருளுக்கு வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் நிறுவனங்கள் வைப்பு ஏற்பது பற்றிய 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அது ‘வைப்பு’ ஆகிவிடும். அதைத் தாண்டி மாத வட்டி, போனஸ் தங்கம் என்று பேச்சு வந்தால் அது வேறு வியாபாரம். 2023இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மீது சுமார் 100 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்து காவல்துறையும் அமலாக்கத் துறையும் இறங்கியது இப்படிப்பட்ட வாக்குறுதிகளைச் சுற்றித்தான்.

மறுபடி அடகுக்கு வருவோம். நகைக்கடனை அடைத்த அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள், நகை திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்றும் ரிசர்வ் வங்கியின் அந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் கூட்டுறவு வங்கிக்கும் இது பொருந்தும். பஜார் வீதி வட்டிக்கடைக்குப் பொருந்தாது, அது மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. ரசீதில் நிகர எடை, தூய்மை, வட்டி விகிதம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று அங்கே வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும்.